மையம் தவறிய அடி: கிளப் தலை ஏன் திரும்புகிறது, பந்து ஏன் வளைகிறது, தடத்தை எப்படிப் படிப்பது

கோல்ஃபில், மட்டைகளிலேயே (கிளப்) மிக நீளமானதும் அதிக தூரம் அடிப்பதுமான டிரைவரில் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போனால், பெரும்பாலானோர் உடனே வீச்சில் கை வைக்கிறார்கள். கிரிப்பை மாற்றுகிறார்கள், தோளை இன்னும் திருப்பிப் பார்க்கிறார்கள், பந்தை அடிக்கும் பரப்பான கிளப் முகத்தை மூடி, அதாவது இடப்பக்கம் திருப்பி வைத்து அடிக்கிறார்கள். பந்து கிளப் முகத்தில் எந்த இடத்தில் பட்டது என்று பார்ப்பவர் குறைவு. அதே வீச்சிலும் அதே முகக் கோணத்திலும் பந்து பட்ட இடம் 2 செ.மீ. தள்ளிப்போனாலே போதும். கிளம்பும் திசை மாறும், சுழற்சி மாறும், வேகமும் குறையும். அதனால் முதலில் பந்து பட்ட தடத்தைப் பாருங்கள், பிறகு முகக் கோணத்தை, கடைசியில் வீச்சை. இந்த வரிசை மாறினால் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதையாகிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாரநாள் பயிற்சி மொட்டைமாடி வலையில், ஆட்டம் மலைமேல் கொடைக்கானலில் என்று இருப்பவருக்கு, வலையில் பந்து 3 மீட்டரிலேயே நின்றுவிடுகிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாது. முகத்தில் விழும் தடம் ஒன்றுதான் அங்கே கிடைக்கும் தகவல்.

கீழே வரும் இடது, வலது எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர் மாற்றிப் படித்துக்கொள்ளவும். தண்டு தலையோடு சேரும் பக்கம் ஹீல், அதற்கு எதிர்முனை டோ.

தொடும் நேரத்தில் நடப்பது

பந்தும் முகமும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, இன்னும் துல்லியமாகச் சொன்னால் சுமார் 0.00045 விநாடி. டிரைவர் தலை விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வந்தால், அந்த நேரத்துக்குள் தலை நகர்வது 2 செ.மீ. கூட இல்லை. அதற்குள் 45.93 கிராம் பந்து நின்ற நிலையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. முகத்தின் மேல் பந்து தரும் எதிர்விசை சராசரியாக 600 கிலோ எடைக்குச் சமம்.

இந்த விசை தலையின் ஈர்ப்பு மையத்துக்கு நேராகப் போனால் தலை திரும்பாது. மையத்திலிருந்து விலகினால் தலையைத் திருகும். டோ பக்கம் பட்டால் டோ பின்னால் தள்ளப்பட்டு முகம் திறக்கும், அதாவது வலப்பக்கம் திரும்பும். ஹீல் பக்கம் பட்டால் முகம் மூடும்.

எவ்வளவு திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலை திருகலை எதிர்க்கும் தன்மைக்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். கடைகளில் எம்.ஓ.ஐ. என்பார்கள். இப்போதைய பெரிய டிரைவர் ஒன்றுக்கு அது 5000 கிராம்·செ.மீ.² என்று வைத்துக்கொள்வோம். பந்து 2 செ.மீ. டோ பக்கம் பட்டால், ஒட்டியிருக்கும் நேரத்துக்குள் தலை சுமார் 1.4 டிகிரி திரும்பும். பந்து போன பிறகும் தலை சுழன்றுகொண்டே இருக்கும், கை உணர்வது அதைத்தான். எம்.ஓ.ஐ. பாதியாக, 2500 அளவில் உள்ள சிறிய தலையில் இதே அடி சுமார் 2.8 டிகிரி திருப்பும்.

வேகமும் இழக்கிறோம். 200 கிராம் தலையில், இதே 2 செ.மீ. விலகலுக்கு, எம்.ஓ.ஐ. 5000 என்றால் பந்து வேகம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 2500 என்றால் 5½ சதவீதம் வரை குறையும். இது திருகலில் போகும் ஆற்றல் மட்டும். முகத்தகடு ஓரத்தில் குறைவாகவே வளைந்து கொடுப்பதால் வரும் இழப்பு இதற்கு மேல்.

"இறுக்கிப் பிடித்தால் தலை திரும்பாது" என்று பலர் நம்புகிறார்கள். அது நடக்காது. தண்டு மெல்லியது, திருகினால் வளைந்து கொடுக்கக்கூடியது. கையின் பிடி தலைக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து கிளம்பிவிடும். இறுக்கிப் பிடிப்பதால் வீச்சு வேகம்தான் குறையும்.

கரும்புச்சாறு இயந்திரமும் கியர் விளைவும்

தலை திறந்தால் பந்து வலப்பக்கம் வளைய வேண்டும் என்றுதான் தோன்றும். டிரைவரில் நடப்பது நேர் எதிர். டோவில் பட்ட பந்து இடப்பக்கம் வளைகிறது.

சாலையோரக் கரும்புச்சாறு இயந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்கள் கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று வலஞ்சுழியாகச் சுற்றினால் மற்றது இடஞ்சுழியாகத்தான் சுற்றும். கிளப் முகமும் பந்தும் அந்தக் கண நேரத்தில் அப்படித்தான் கோத்துக்கொள்கின்றன. டோவில் பட்டால், மேலிருந்து பார்க்க, தலை வலஞ்சுழியாகத் திரும்பும், பந்து இடஞ்சுழியாகச் சுழலும், பறக்கும்போது இடது பக்கம் வளையும். ஹீலில் பட்டால் எல்லாம் தலைகீழ், பந்து வலது பக்கம் வளையும். இதைத்தான் கியர் விளைவு என்கிறார்கள்.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஈர்ப்பு மையம் முகத்துக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். டிரைவரில் அது 3 முதல் 4 செ.மீ. வரை பின்னால் இருப்பதால், தலை திரும்பும்போது முகம் பக்கவாட்டிலும் நகர்ந்து பந்தை உரசிச் சுழற்றுகிறது. மெல்லிய உலோகத் தலையுள்ள அயர்ன் கிளப்பில் ஈர்ப்பு மையம் முகத்துக்கு மிக அருகே இருப்பதால் இந்த உரசல் அற்பம். டோவில் பட்ட 7 அயர்ன் பந்து வலப்பக்கம் கிளம்பி அங்கேயே, தூரமும் குறைந்து, விழும். திரும்பி வராது. ஃபேர்வே உட், ஹைப்ரிட் என்ற கிளப்கள் இவற்றுக்கு நடுவில். பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரில் வளைவு என்ற பேச்சே இல்லை. அங்கே மையம் தவறினால் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும், அவ்வளவுதான்.

டிரைவரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முகம் தட்டையாக இல்லை, பக்கவாட்டில் புடைத்திருக்கும். கியர் விளைவைச் சமன் செய்யத்தான் இந்தப் புடைப்பு. 12 அங்குல ஆரமுள்ள புடைப்பில், மையத்திலிருந்து 2 செ.மீ. டோ பக்கம் போனால் முகம் 3.75 டிகிரி வலப்பக்கம் பார்க்கும். பந்து வலப்பக்கம் கிளம்பி, சுழற்சியால் இடது வளைந்து, நடுவுக்கு வரப் பார்க்கும். 4 டிகிரி விலகிக் கிளம்பிய பந்து வளையாமலே போனால் 200 மீட்டரில் 14 மீட்டர் வலது பக்கம் இருக்கும். அந்த 14 மீட்டரைத் திருப்பிக் கொண்டுவருவது கியர் விளைவு.

மேல், கீழ்

பக்கவாட்டு விலகலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மேல்-கீழ் விலகலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூரத்தை அதிகம் தின்பது இதுதான்.

மையத்துக்கு மேலே பட்டால் தலை மல்லாக்கச் சாயும், லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) கூடும், பந்து உயரமாகக் கிளம்பும். முகத்தின் செங்குத்து வளைவும் கைகொடுக்கிறது. 12 அங்குல ஆரத்தில் 1 செ.மீ. மேலே போனால் லாஃப்ட் கிட்டத்தட்ட 2 டிகிரி கூடுதல். அதே சமயம் கியர் விளைவு பின்சுழற்சியைக் குறைக்கிறது. உயரக் கிளம்பி குறைவாகச் சுழலும் பந்து வெகுதூரம் போகும். மையத்துக்குச் சற்று மேலே பட்ட டிரைவர் அடி நன்றாக ஓடுவதற்குக் காரணம் இதுவே.

கீழே பட்டால் தாழக் கிளம்பும், பின்சுழற்சி கூடும். பாதி தூரத்தில் திடீரென்று மேலெழுந்து, காற்றில் தொங்கி, பொத்தென்று விழும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எதிர்க்காற்றில் இந்தப் பந்தின் கதி பரிதாபம். காற்றின் மேல் பழி போடுமுன் தடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு விலகலும் சேர்ந்தே வருவதும் உண்டு. மேல்-டோ அடியும் கீழ்-ஹீல் அடியும்தான் அடிக்கடி வருபவை. முன்னதில் ஹூக் (இடப்பக்கம் கடுமையாக வளைவது), பின்னதில் உயிரற்ற ஸ்லைஸ் (வலப்பக்கம் கடுமையாக வளைவது). டெய்லர்மேட் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த ட்விஸ்ட் ஃபேஸ் முகத்தில் மேல்-டோ மூலையைச் சற்றுத் திறந்தும் கீழ்-ஹீல் மூலையைச் சற்று மூடியும் வடிவமைத்தது இதற்காகத்தான்.

படி 1: உண்மையான மையத்தைக் கண்டுபிடியுங்கள்

முகத்தின் நடுவில் அச்சடித்த குறிதான் மையம் என்று எண்ண வேண்டாம். ஈர்ப்பு மையத்துக்கு நேரான புள்ளியே மையம், ஸ்வீட் ஸ்பாட். பின்புறம் குழிவில்லாத பிளேடு அயர்ன்களில் தண்டு சேரும் பகுதியின் எடையால் அது ஹீல் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். கிரிப்பின் மேல்நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து கிளப்பைத் தொங்கவிடுங்கள். இன்னொரு கையால் ஒரு கோல்ஃப் பந்தை எடுத்து முகத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். தலை திருகாமல் நேராகப் பின்னால் ஆடும் இடம் வரும். அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள்.

படி 2: தடம் விழ வையுங்கள்

வழி இரண்டு. பந்தின் பின்பக்கத்தில் வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் தீட்டி, அந்தப் பக்கம் முகத்தைப் பார்த்திருக்குமாறு வைத்து அடித்தால், முகத்தில் மை ஒட்டும். அல்லது கேரம் பவுடரையோ முகப் பவுடரையோ துணியில் தொட்டு கிளப் முகத்தில் மெல்லப் பூசுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும்.

பவுடர் பூசிய முகத்தில் உராய்வு மாறுகிறது. சுழற்சியும் அதனால் மாறும். ஆகவே பவுடரோடு அடித்த அடியில் இடத்தை மட்டும் நம்புங்கள், வளைவையோ கருவி காட்டும் சுழற்சி எண்ணையோ நம்ப வேண்டாம். இதெல்லாம் பயிற்சிக்கு மட்டும். ஆட்டத்தின்போது, அடியின் தன்மையை மாற்றும் எதையும் கிளப் தலையில் பூச கோல்ஃப் விதி 4.1 இடம் தராது.

மொட்டைமாடியில் நிஜப் பந்தோடு டிரைவர் அடிப்பதாக இருந்தால் வலை மேலும் இருபுறமும் மூடியிருக்க வேண்டும். பந்து மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகும், அடுத்த மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் இருப்பார்கள். வலையை இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் மேலேயே வரும். தொளதொளவென்று தொங்கவிட்டு, பின்னால் ஒரு பழைய ஜமுக்காளத்தையும் தொங்கவிடுங்கள். அந்த அளவு வசதி இல்லையென்றால் பஞ்சுப் பந்து போதும். தலை திருகுவது கைக்குத் தெரியாது, ஆனால் மைத்தடம் அதே இடத்தில்தான் விழும்.

படி 3: பத்து அடி, பத்துப் புள்ளி

ஒரு நோட்டில் கிளப் முகத்தை நிஜ அளவில் வரைந்து, மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு தடத்தின் நடுவைப் படத்தில் புள்ளியாக வைத்து, முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். பத்து அடிக்குக் குறைவாக எடுத்து முடிவுக்கு வராதீர்கள். மோசமான அடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் கூடாது. கோடை மாதங்களில் காலை ஏழரைக்குள் இதை முடித்துவிடுவது நல்லது. வியர்வையில் கிரிப் வழுக்கத் தொடங்கினால் தடமும் சிதறும், எது வீச்சின் குற்றம், எது வியர்வையின் குற்றம் என்று பிரிக்க முடியாது.

படி 4: தடத்தையும் பறத்தலையும் சேர்த்துப் படியுங்கள்

பந்து பறப்பதைப் பார்க்கும் வசதி உள்ள இடத்தில் இதைச் செய்யுங்கள். மைக்குறி வைத்த பந்தே போதும்.

தடம் டோவில், பந்து வலது கிளம்பி இடது வளைந்து நடுவில் விழுந்தது: இதை நல்ல டிரா (இடப்பக்கம் மெல்ல வளையும் அடி) என்று எண்ணிப் பெருமைப்படுவது வழக்கம். டிராவைக் கொடுத்தது தலையின் திருகல். வேகம் போயிருக்கும். ஸ்லைஸ் அடிப்பவர் தற்செயலாக டோவுக்கு மாறினால் ஸ்லைஸ் குணமானது போலத் தோன்றும், மையத்தில் பட்ட முதல் அடியிலேயே அது திரும்பி வரும்.

தடம் ஹீலில், பந்து இடது கிளம்பி வலது வளைந்தது: முகத்தை மூடிப் பிடிக்காதீர்கள். மூடினால், என்றாவது மையத்தில் படும்போது பந்து இடப்பக்கக் காட்டுக்குள் போகும். தடத்தை நகர்த்துங்கள், போதும்.

தடம் மையத்தில், ஆனாலும் வலப்பக்க வளைவு: இதுதான் நிஜமான ஸ்லைஸ். வீச்சுப் பாதையோடு ஒப்பிட முகம் திறந்திருக்கிறது. வீச்சைத் திருத்த வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

சிமுலேட்டர் கருவிகளிலும் கவனம் தேவை. சில கருவிகள் பந்தின் சுழற்சியை மட்டும் அளந்து, வீச்சுப் பாதையைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. அடி மையத்தில் பட்டது என்ற அனுமானத்தில் போடும் கணக்கு அது. டோ அடியில் கியர் விளைவு கொடுத்த சுழற்சியை, உள்ளிருந்து வெளியே வந்த வீச்சு என்று காட்டிவிடும்.

படி 5: தடத்தை நகர்த்துங்கள்

பத்துப் புள்ளியும் ஹீலில் குவிந்திருந்தால், தலை உங்களைவிட்டு வெளியே தள்ளிப் போகிறது. நிற்கும் தூரத்தை முதலில் பாருங்கள். டிரைவரோடு நிற்கும்போது கிரிப்பின் முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கைமுட்டியும் விரித்த கட்டைவிரலும் நுழைய வேண்டும். அது சரியென்றால், இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி நகர்கிறதா என்று சோதியுங்கள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, அதன் முதுகு உங்கள் பிட்டத்தை லேசாகத் தொடுமாறு நின்று, பந்து போகும் வரை அந்தத் தொடுதலை விடாமல் வீசுங்கள். ஹீல் அடிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு பந்தின் மறுபுறத்தில், பந்தின் நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி, ஒரு தெர்மாக்கோல் துண்டை வையுங்கள். விதிப்படி டிரைவர் தலை ஹீல் முதல் டோ வரை 12.7 செ.மீ. தாண்டாது. மையத்தில் பட்டால் டோ அந்தத் துண்டைத் தொடாமல் போகும், ஹீலில் பட்டால் துண்டு பறக்கும்.

புள்ளிகள் டோவில் என்றால் துண்டை உங்கள் பக்கம் வையுங்கள். காரணமும் எதிர்ப்பக்கம்: தள்ளி நிற்பது, எடை குதிகாலுக்குப் போவது, அடிக்கும்போது முன்கை மடங்குவது, அல்லது உடல் எழுந்துகொள்வது. பத்து அடி முக்கால் வேகத்தில் அடித்து, இரண்டு கையும் பந்து போன பிறகும் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மேல்-கீழ் விலகலுக்கு, பந்தைத் தாங்கும் சிறு குச்சியான டீயின் உயரமே முதல் மருந்து. டிரைவர் தலையைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். வெயிலில் காய்ந்த கரிசல் தரையில் டீ ஆழம் இறங்காது, செம்மண்ணில் அடிக்கு அடி மாறும். டீயின் தண்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை இறக்குங்கள். தலையின் மேற்பரப்பிலேயே கீறல் விழுகிறதென்றால் டீ அதிக உயரம், அல்லது தலை செங்குத்தாக இறங்குகிறது.

புள்ளிகள் ஓரிடத்தில் குவியாமல் முகமெங்கும் சிதறியிருந்தால் எதையும் திருத்த வேண்டாம். கிரிப்பில் 2.5 செ.மீ. கீழே பிடித்து மறுபடி பத்து அடியுங்கள். கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்குக் குறையாமல் வருகின்றன, பலருக்கு அது நீளம் அதிகம். கீழே பிடித்தால் வீச்சு வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் புள்ளிகள் மையத்துக்கு வந்தால் பந்து வேகம் குறையாது. தண்டை வெட்டுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது. வெட்டினால் தலை கனம் குறைந்ததுபோல் கைக்குத் தெரியும், அதையும் ஈடுகட்ட வேண்டிவரும்.

புதிய டிரைவர் வாங்குமுன்

எம்.ஓ.ஐ. கூடினால் திருகல் குறையும் என்பது மேலே பார்த்த கணக்கிலேயே தெரிகிறது. 1959இல் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் பிங் 1ஏ புட்டரில் எடையை ஹீலுக்கும் டோவுக்கும் பிரித்து வைத்ததும் இதே தத்துவத்தில்தான். இன்று விதி, செங்குத்து அச்சில் 5900 கிராம்·செ.மீ.² என்று எல்லை போட்டு, அளவீட்டுப் பிழைக்கு 100 கூடுதலாக விடுகிறது. தலையின் கொள்ளளவுக்கு எல்லை 460 கன செ.மீ. அப்படியிருக்க, 2024 முதல் விளம்பரங்களில் வரும் 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? செங்குத்து அச்சின் எண்ணையும் கிடையச்சின் எண்ணையும் கூட்டிச் சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். புள்ளிகள் முகமெங்கும் சிதறுகிறவருக்கு இந்தப் பெரிய தலை நிச்சயம் உதவும். பத்தும் ஹீலில் குவிகிறவர் அந்தப் பணத்தைச் செலவழிக்குமுன் நாற்காலிப் பயிற்சியை இரண்டு வாரம் செய்யட்டும்.

கொடைக்கானலுக்குக் கொண்டுபோகும்போது

வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் காற்றே மாறிவிடுகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். 1895இல் தொடங்கிய அங்குள்ள கோல்ஃப் கிளப்பில், 15 டிகிரிக் குளிரில் காற்றின் அடர்த்தி, 35 டிகிரி வெயில் அடிக்கும் மதுரையைவிட சுமார் 16 சதவீதம் குறைவாக இருக்கும். பந்தை வளைப்பது காற்று. காற்று மெலிந்தால் வளைக்கும் விசையும் அதே விகிதத்தில் குறையும். முகத்தின் புடைப்போ மாறுவதில்லை. கீழே வலது கிளம்பி நடுவுக்குத் திரும்பிய டோ பந்து, மேலே அதே கோணத்தில் கிளம்பி, முழுதாகத் திரும்பாமல் வலப்புறமே நின்றுவிடலாம். ஹீல் பந்து இடப்புறம் நிற்கலாம். முதல் இரண்டு குழிகளில் இப்படி நடந்தால் குறி வைக்கும் திசையை மாற்றாதீர்கள். பையில் அந்த மார்க்கரை வைத்திருங்கள், ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி இடத்தில் ஐந்து பந்து அடித்துத் தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து, கிளப் முகத்தைத் துடைத்துவிட்டு முதல் குழியின் தொடக்க இடத்துக்குப் போங்கள்.